பட்டியலின் அடியில் நம்ம ஆள்

குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியா இன்றுவரை ஒரு வெண்கலம்கூட வாங்கியதில்லை. போலந்தில் பிறந்த ஜெரமி புஜகோவ்ஸ்கி என்பவர் 1964-இல் இன்ஸ்ப்ரூக்கில் நமக்காகப் பனியில் சறுக்கினார். அன்றிலிருந்து கணக்குப் போட்டால் அறுபது வருடத்துக்கு மேலாகிறது. இது தெரிந்தும் நாங்கள் உட்கார்ந்து பார்க்கிறோம். "செயிக்காத ஆட்டத்துக்கு எதுக்குடா இம்புட்டுக் கூட்டம்" என்று என் அம்மா ஒவ்வொரு தடவையும் கேட்கும். கேட்டுவிட்டு அதுவும் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்ளும்.

எங்கள் ஊர் கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறை தாண்டி மன்னவனூர், கிளாவரை என்று பஸ் போகிற பாதையில் இருக்கிறது. பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறேன். ரோட்டோரம் ஒரு டீக்கடை, அதில் ஒரு டிவி. 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தப் பூண்டுதான் எங்களுக்குச் சோறு. பனி என்றால் எங்களுக்கு டிசம்பர், ஜனவரியில் புல்வெளியில் படிகிற உறைபனிதான். சுற்றுலா வந்தவர்கள் அதை வழித்தெடுத்து போட்டோ பிடிப்பார்கள். நாங்கள் கிழங்குச் செடி கருகிவிடுமே என்று பார்ப்போம். வெயில் ஏறினதும் அதுவும் இருக்காது. சறுக்குவதற்கெல்லாம் இங்கே வழியில்லை.

இந்தப் பழக்கத்தைக் கடைக்குள் கொண்டுவந்தது என் சித்தப்பா. ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். குல்மார்க்கில் ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. அங்கே ஸ்கீ என்கிற நீளமான சறுக்குப் பலகையைக் காலில் கட்டிக்கொண்டு ஏறி இறங்கிப் பழகியவர். 2018-இல் பியோங்சாங் ஒலிம்பிக்கில் நெடுந்தூரப் பனிச்சறுக்கு ஓடிய ஜெகதீஷ் சிங்கும் ராணுவத்துக்காரர்தான். டிவியில் யாராவது விழுந்தால் நாங்கள் சிரிப்போம். சித்தப்பா மட்டும் சிரிக்க மாட்டார். "விழுந்து எந்திரிக்கிறதுதான் மொத பாடமே. அங்க எங்களுக்கு மொத வாரம் பூரா அதத்தான் சொல்லிக் குடுத்தாங்க" என்பார்.

முதலில் எங்களைப் பிடித்து இழுத்தது சிவ கேசவன். மணாலி பக்கத்து வசிஷ்ட் கிராமத்தில் வளர்ந்தவர். அப்பா கேரளத்துக்காரர், அம்மா இத்தாலிக்காரர். 1998 நாகானோவில் இறங்கும்போது வயது 16. அங்கே ஆரம்பித்து 2018 வரை ஆறு ஒலிம்பிக். அவர் ஆட்டத்தின் பெயர் லூஜ். சின்னச் சறுக்குவண்டியில் மல்லாக்கப் படுத்து, காலை முன்னே நீட்டி, ஐஸ் ஓடையில் மணிக்கு 130 கிலோமீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். பிரேக் கிடையாது. கெண்டைக்காலால் வண்டியை அழுத்தியும் தோளைச் சாய்த்தும்தான் திருப்ப வேண்டும். இந்தியாவில் அதற்கு ஓடை இல்லாததால் வண்டிக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டு இமயமலை ரோட்டில் லாரிக்கும் ஆட்டு மந்தைக்கும் நடுவே இறங்கிப் பழகினார். அந்த வீடியோவைப் போனில் காட்டியபோதுதான் எங்கள் ஊர்ப் பையன்களுக்கு உயிர் வந்தது. மூன்று பேரிங், ஒரு பலகை, ஒரு கட்டையை வைத்துப் பேரிங் வண்டி செய்து இறக்கத்தில் விடாத பிள்ளை மலையில் உண்டா? "அண்ணே, இவரு நம்ம வண்டியத்தாண்ணே ஓட்டுறாரு" என்றான் ஒருவன். அன்றிலிருந்து கேசவன் எங்களுக்குச் சொந்தக்காரர்.

2014-இல் சோச்சியில் பயிற்சியின்போது வண்டியிலிருந்து பாதியில் நழுவி, ஐஸில் இழுபட்டுக்கொண்டே மறுபடி அதன்மேல் ஏறி இறங்கினார். அந்த வீடியோ உலகம் பூராவும் சுற்றியது. ஆனால் அதே சோச்சியில் தொடக்க விழாவன்று எங்கள் கடையில் நடந்தது வேறு. இரவு பத்து மணி வாக்கில் நாடு நாடாக அணிவகுத்து வந்தார்கள். கேசவன், ஹிமான்ஷு தாக்கூர், நதீம் இக்பால் மூன்று பேரும் நடந்து வந்தபோது கையில் மூவர்ணம் இல்லை. ஐந்து வளையம் போட்ட ஒலிம்பிக் கொடிக்குப் பின்னால்தான் வந்தார்கள். நிர்வாகத் தேர்தல் குளறுபடியால் 2012 டிசம்பரிலேயே இந்திய ஒலிம்பிக் சங்கத்தைச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இடைநீக்கம் செய்திருந்தது. கடையில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. சின்னப் பிள்ளைகள் "நம்ம கொடி எங்க, நம்ம கொடி எங்க" என்று கேட்க, யாருக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை. நாலு நாளில், பிப்ரவரி 11 அன்று தடை நீங்கியது. 23-ஆம் தேதி நிறைவு விழாவில் ஹிமான்ஷு தாக்கூர் மூவர்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அன்றைக்கு எங்கள் கடையில் போட்ட விசிலுக்குக் காரணம் கேட்டால் வெளியூர்க்காரருக்குப் புரியாது. யாரும் எதையும் ஜெயிக்கவில்லை. கொடி வந்தது, அவ்வளவுதான்.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். பிள்ளைகளைக் கூட்டிப் பார்க்க உட்காரும் முன் நம் ஆட்கள் யார், எத்தனை பேர், எந்தக் கொடியின் கீழ், எந்தப் பந்தயம், எத்தனை மணிக்கு என்பதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவோம். அணிவகுப்பில் கிரீஸ் முதலில் வரும், நடத்துகிற நாடு கடைசியில் வரும். நடுவில் எல்லாம் நடத்துகிற நாட்டின் மொழி வரிசைப்படிதான். ஆங்கில எழுத்தை மனதில் வைத்து 'ஐ' வரட்டும் என்று டீ போடப் போனால் கொரியாவிலும் சீனாவிலும் நடக்கும்போது கணக்குத் தப்பிவிடும். நேரத்தையும் அந்தத் தாளிலேயே நம் மணிக்கு மாற்றி எழுதிவிட வேண்டும். கொரியா நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால், சீனா இரண்டரை மணி நேரம் முன்னால், இத்தாலி குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னால். 2030-இல் பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலையில் நடக்கப்போகிறது, அதுவும் நாலரை மணி நேரம்தான். அங்கே காலை 10 மணிப் பந்தயம் நமக்கு மத்தியானம் 2.30, அங்கே இரவு 8 மணி என்றால் நமக்கு நடுராத்திரி 12.30.

நேரத்தைவிட முக்கியமானது வரிசை எண். மலைச்சரிவுச் சறுக்கில் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவதில்லை. தரப்பட்டியலில் முதல் 15 இடத்தில் உள்ளவர்கள் குலுக்கல் முறையில் முதலில் இறங்குவார்கள். மற்றவர்கள் தரப்புள்ளி வரிசைப்படி பின்னால். புள்ளி குறையக் குறைய ஆள் பெரிய ஆள் என்று அர்த்தம். இது நம் பள்ளிக்கூட மார்க்குக்கு நேர் எதிர். நம் ஆள் எப்போதும் கடைசிப் பகுதியில்தான். அதற்குள் முன்னால் போனவர்களின் ஸ்கீ விளிம்பு அறுத்து அறுத்துப் பாதை பள்ளமும் வரப்புமாகக் கிடக்கும். பெரிய நாட்டுக்காரன் இறங்கும் பனி வேறு, நம் ஆள் இறங்கும் பனி வேறு. இது தெரியாமல் "அவன் எம்புட்டு வேகமாப் போனான், நம்மாளு தடுமாறுறானே" என்று பேசினால் சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிடும். இன்னொரு தொந்தரவு: முன்னணி ஆட்கள் முடித்ததும் ஒளிபரப்பு வேறு ஆட்டத்துக்குத் தாவிவிடும். அதனால் டிவியை நம்பி இருக்காமல், போனில் அதிகாரப்பூர்வ முடிவுப் பட்டியலைத் திறந்து கடைசிப் பெயர் வரை உருட்டிப் பார்க்க வேண்டும். முதலில் அடியிலிருந்து மேலே, அப்புறம்தான் மேலிருந்து கீழே.

கேசவனின் கடைசி ஒலிம்பிக்கை 2018 பிப்ரவரியில் ஒரு சனி, ஞாயிறு மத்தியானம் பார்த்தோம். லூஜில் மூன்று சுற்று முடிந்ததும் முதல் 20 பேர்தான் நாலாவதுக்குப் போவார்கள். அவர் 34-ஆவதாக முடித்தார். அதற்கு முன்னால் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தேன். போனில் ஸ்டாப்வாட்ச்சைத் தட்டி, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் மறுபடி தட்டி நிறுத்த வேண்டும். கை வேகமான பையனுக்கே நொடியில் பத்தில் ஒரு பங்குக்குக் கிட்டத்தில்தான் வந்தது. லூஜில் நேரத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கிறார்கள். 1998-இல் பெண்கள் லூஜில் நாலு சுற்றும் கூட்டிப் பார்த்தபோது தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே இருந்தது 0.002 நொடி. இதைச் சொன்னதும் பிள்ளைகள் போனைக் கீழே வைத்துவிட்டுத் திரையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நீங்கள் பிள்ளைகளோடு பார்ப்பதாக இருந்தால் இந்த ஒன்றைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். பத்து நிமிட விளக்கத்தை மிச்சம் பிடிக்கும்.

அதே பியோங்சாங்கில்தான் எங்கள் ஊரே இன்றைக்கும் பேசுகிற விஷயம் நடந்தது. அதில் இந்தியா இல்லவே இல்லை.

கர்லிங் என்று ஒரு ஆட்டம். 20 கிலோ கருங்கல் உருண்டையை ஐஸ்மேல் தள்ளி, தூரத்தில் வரைந்த வட்டத்தின் நடுவுக்குக் கிட்டத்தில் நிறுத்த வேண்டும். எதிராளியின் கல்லை இடித்து வெளியே அனுப்பலாம். நம் கோலிக்குண்டைக் கொஞ்சம் பெரிதாக்கி, கையில் துடைப்பமும் கொடுத்துவிட்டால் ஆட்டம் பாதி புரிந்துவிடும். துடைப்பம் எதற்கென்றால், கல்லுக்கு முன்னால் ஐஸைத் தேய்த்தால் அது லேசாகச் சூடாகி வழுக்கும். கல் கொஞ்சம் கூடுதல் தூரம் போகும், வளைவதும் குறையும். புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது இந்த ஆட்டத்தைத்தான். மெதுவாக நடக்கும், பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே பார்க்கலாம், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஆளாளுக்கு யோசனை சொல்லலாம். டீக்கடைக்கென்றே செய்து வைத்த ஆட்டம்.

கொரியாவின் பெண்கள் அணியில் ஐந்து பேர், ஐந்து பேருக்கும் குடும்பப் பெயர் கிம். அதில் நாலு பேர் உய்சோங் என்ற ஊர்ப் பக்கம். அந்த ஊருக்குக் கொரியாவில் எதற்குப் பெயர் தெரியுமா? பூண்டுக்கு. பத்திரிகைகள் அவர்களுக்கு வைத்த பெயரே 'பூண்டுப் பெண்கள்'. இதை என் மச்சான் போனில் படித்துச் சொன்னபோது கடையில் வடுகபட்டிச் சந்தைக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை உதறிவிட்டு வந்துவிட்டார்கள். 2006-இல் அந்த ஊரில் கர்லிங் மைதானம் ஒன்று வந்திருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டதும் வேறு பொழுதுபோக்கு இல்லாத பிள்ளைகள் அங்கே போய் ஆடியிருக்கிறார்கள். அப்படி ஆடியவர்கள் லீக் சுற்றில் கனடா, பிரிட்டன், சுவிட்சர்லாந்து, சுவீடன் என்று வரிசையாகத் தட்டிவிட்டார்கள். தோற்றது ஜப்பானிடம் மட்டும்.

அரையிறுதியில் மறுபடி அதே ஜப்பான். வெள்ளிக்கிழமை, நமக்குச் சாயங்காலம் நாலரை மணிக்கு மேல். அணித்தலைவி கிம் உன்-ஜங், வட்டக் கண்ணாடிக்காரி, முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. கல் கிளம்பினதும் "யங்மி! யங்மி!" என்று தன் பள்ளித் தோழியைத் தேய்க்கச் சொல்லிக் கத்துவார். அவர் கத்தும் வேகத்தை வைத்தே கல் எப்படிப் போகிறது என்று தெரிந்துவிடும். கால் மணி நேரத்தில் எங்கள் கடையும் "யங்மி" என்று கத்த ஆரம்பித்துவிட்டது. வெளியே பெண் பிள்ளைகள் திண்ணையில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்துத் தள்ளிவிட்டு, முன்னால் விளக்குமாற்றால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கர்லிங்கில் ஒரு சுற்றுக்கு எண்டு என்று பெயர். ஆட்டம் பத்து எண்டில் முடியாமல் கூடுதல் எண்டுக்குப் போனது. கடைசிக் கல் கண்ணாடிக்காரி கையில். அது மெதுவாக, நின்றுவிடும்போல் ஊர்ந்து வந்து, வேண்டிய இடத்தில் நின்றது. 8-7. அதுவரை இறுகியிருந்த அந்த முகம் அப்போதுதான் அழுதது. என் அம்மா முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பூண்டுக்காரப் புள்ளைக, நல்லா இருக்கட்டும்" என்றது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை இறுதி ஆட்டம். சுவீடன் 8-3 என்று ஜெயித்துவிட்டது. யாருக்கும் பெரிய வருத்தமில்லை. எனக்கு உறைத்த விஷயம் வேறு. நாட்டுப் பெருமை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது பாதிதான் நாடு. மிச்சப் பாதி "நம்மள மாதிரி ஊரு" என்ற நினைப்பு. மலை, பூண்டு, பள்ளிக்கூடம் விட்டால் போக இடமில்லாத பிள்ளைகள் என்று எல்லாம் சரியாகப் பொருந்தியது. பொருந்தாதது அந்த மைதானம் ஒன்றுதான்.

அந்தக் கதை அத்தோடு முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே வருடம் நவம்பரில் அந்தப் பெண்கள் தங்கள் பயிற்சியாளர்களும் நிர்வாகிகளும் தங்களை மோசமாக நடத்தினார்கள், பரிசுப் பணத்தையும் ஒழுங்காகத் தரவில்லை என்று வெளிப்படையாகப் புகார் கொடுத்தார்கள். அரசு விசாரித்து, பெரும்பாலும் உண்மை என்று சொன்னது. அவர்கள் மறுபடி ஆடி 2022-இல் உலகச் சாம்பியன்ஷிப்பில் வெள்ளி வாங்கினார்கள். மேடையில் நிற்பவரைப் பார்த்து நாம் நெஞ்சை நிமிர்த்தும்போது, அவரை நடத்துகிறவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்கவும் வேண்டியிருக்கிறது. நம் ஊர்ச் சங்கங்களைப் பற்றித் தனியாக நான் சொல்ல வேண்டியதில்லை.

2022 பெய்ஜிங். இந்தியாவிலிருந்து ஒரே ஒருவர், குல்மார்க் பக்கத்து ஆரிஃப் கான். அப்பா ஸ்கீ சாமான் கடைக்காரர், பிள்ளையை நாலு வயதிலேயே சறுக்க விட்டிருக்கிறார். கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்குகிற ஸ்லாலம், ஜயண்ட் ஸ்லாலம் என்று இரண்டு பந்தயத்துக்குத் தகுதி. பயிற்சிக்காகக் கல்யாணத்தையே தள்ளிப்போட்டார் என்று செய்தி வந்தது. ஆனால் அந்த முறை கடையில் சண்டையே வந்துவிட்டது. கல்வான் மோதலில் இருந்த சீனத் தளபதி ஒருவரை ஒலிம்பிக் ஜோதி ஏந்த வைத்தார்கள். நம் அரசு தொடக்க, நிறைவு விழாக்களுக்குப் பிரதிநிதியை அனுப்புவதில்லை என்று அறிவித்தது. தூர்தர்ஷனும் அந்த விழாக்களை ஒளிபரப்பவில்லை. கல்வானில் 2020 ஜூனில் உயிரிழந்த 20 வீரர்களில் ஹவில்தார் பழனி ராமநாதபுரத்துக்காரர். "அந்த ஊர் வெளையாட்ட இங்க போடக்கூடாது" என்று ஒரு பெரியப்பா எழுந்து நின்றுவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

சித்தப்பா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "அண்ணே, விழாவ நானும் பாக்க மாட்டேன். ஆனா அந்தப் பையன் ஒத்தையா நம்ம கொடியத் தூக்கிட்டுப் போயிருக்கான். அவன் எறங்குறப்ப நம்ம திரும்பி உக்காந்தா, அது அவனுக்குச் செய்யிற துரோகம்ண்ணே" என்றார். பெரியப்பா பதில் சொல்லவில்லை. எழுந்து போகவும் இல்லை.

பிப்ரவரி 13, ஞாயிறு காலை ஜயண்ட் ஸ்லாலம். டிவியில் கிடைக்காது என்று தெரிந்ததால் போனில் பார்க்க ஏற்பாடு. எங்கள் ஊரில் சிக்னல் நிற்பது கோயில் மேட்டில் மட்டும்தான். போர்வையும் பிளாஸ்க்குமாக அங்கே போனோம். இதற்கு முன்யோசனை வேண்டும். முந்தின ராத்திரியே சார்ஜ் ஏற்றி வைக்க வேண்டும், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். படத்தின் தரத்தைக் குறைத்து வைத்தால் சுற்றிச் சுற்றி நிற்காமல் ஓடும். போன் இரண்டு பேரிடமாவது வெவ்வேறு கம்பெனி சிம்மோடு இருப்பது நல்லது.

அங்கே சரியான பனிப்பொழிவு. திரையில் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை, நடுவில் சிவப்பும் நீலமுமாகக் கொடிக்கம்பம் மட்டும். "இது நம்ம கவுஞ்சி ரோடு மாதிரில இருக்கு" என்றான் ஜீப் ஓட்டும் பையன். அந்த மூடுபனியில் முதல் சுற்றிலேயே நிறையப் பேர் பாதை தவறி வெளியேறினார்கள். ஆரிஃப் கீழே வந்து சேர்ந்தார். இரண்டாவது சுற்று வானிலையால் தள்ளிப்போனது. பாதிப் பேர் காட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். அதிலும் வந்து சேர்ந்து, 45-ஆவது இடம். தங்கம் சுவிட்சர்லாந்தின் மார்கோ ஓடர்மாட்டுக்கு. பட்டியலில் 'முடிக்கவில்லை' என்று போட்ட பெயர்களை எல்லாம் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வாசித்தார்கள். ஆஸ்திரியா, நார்வே, இத்தாலி என்று பெரிய பெரிய நாடுகள். அப்போதுதான் 45 என்ற எண்ணுக்கு அவர்களுக்கு விலை தெரிந்தது. மூன்று நாள் கழித்து ஸ்லாலமில் ஆரிஃபுக்கும் அதே 'முடிக்கவில்லை' வந்தது. கம்பங்களால் ஆன கதவு ஒன்றைத் தவறவிட்டால் அத்தோடு சரி. அன்றைக்கு யாரும் குறை சொல்லவில்லை. பெரியப்பாகூட "பனி அப்புடி" என்றுதான் சொன்னார்.

கடைசியில் வருபவரைப் பார்க்கப் பழகிவிட்டால் வேறு சில காட்சிகளும் கண்ணில் படும். 1998-இல் கென்யாவின் பிலிப் பாயிட் 10 கிலோமீட்டர் பனிச்சறுக்கு ஓட்டத்தில் கடைசியாக வந்தார். தங்கம் வென்ற நார்வேயின் பியோர்ன் டேலி எல்லைக்கோட்டில் காத்திருந்து அவரைக் கட்டிப்பிடித்தார். பாயிட் பின்னால் தன் மகனுக்கு டேலி என்று பெயர் வைத்தார். 2018-இல் மெக்ஸிகோவின் ஹெர்மான் மத்ராசோ 15 கிலோமீட்டரில் கடைசி ஆளாகக் கொடியோடு வந்தபோது டோங்காவின் பீட்டா டௌஃபடோஃபுவா உள்ளிட்ட பின்வரிசைக்காரர்கள் நின்று அவரைத் தோளில் தூக்கினார்கள். 2022-இல் பின்லாந்தின் ஈவோ நிஸ்கனன் தங்கம் வாங்கிய கையோடு, கடைசியாக வந்த கொலம்பியாக்காரருக்காகக் காத்து நின்று கைகொடுத்தார். முன்னணி ஆள் முடித்ததும் டிவியை அணைக்கிறவருக்கு இதெல்லாம் மறுநாள் வாட்ஸ்அப்பில்தான் வரும்.

வாட்ஸ்அப் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2018 ஜனவரியில் ஆஞ்சல் தாக்கூர் துருக்கியில் வெண்கலம் வாங்கியபோது, 'ஒலிம்பிக் பதக்கம்' என்றே எங்கள் குரூப்பில் சுற்றியது. அது சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் பந்தயம். நமக்கு அந்த ஆட்டத்தில் சர்வதேச அளவில் முதல் பதக்கம். அதுவே போதுமான பெருமை. மிகைப்படுத்தி அனுப்பினால், உண்மை தெரிந்ததும் "இவ்ளோதானா" என்று ஆகிவிடும், பாவம் அந்தப் பெண்ணின் உழைப்புதான் சிறுத்துப்போகும். எது வந்தாலும் என்ன போட்டி, எங்கே, எந்தத் தகுதி என்று பார்த்துவிட்டுத்தான் இப்போது கடையில் படிக்கிறோம். 2025-இல் நம் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி அமீரகத்தில் ஆசியக் கோப்பை வெண்கலம் வாங்கியதையும் அப்படித்தான் படித்தோம். பெரும்பாலும் லடாக் பெண்கள், 2017-இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று தோற்கடித்ததுதான் அவர்களின் முதல் வெற்றி. குடகுக்காரப் பெண் பவானி நெடுந்தூரப் பனிச்சறுக்கில் சிலியில் வெண்கலம் வாங்கியதும் 2025-இல்தான். குடகிலும் பனி பெய்யாது.

2026 மிலான்–கோர்த்தினாவுக்கு ஆரிஃப் கானும் லடாக்கின் ஸ்டான்சின் லுண்டுப்பும் போனார்கள். மலைச்சறுக்கு மத்தியானத்தில் வந்ததால் கடையிலேயே பார்த்தோம், வேறு சில ஆட்டங்கள் நடுராத்திரி. மலையில் ராத்திரி கண்விழிப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்து, கதவு ஜன்னலைச் சாத்தாதீர்கள். புகை தெரியாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, தூக்கம் வருகிற மாதிரிதான் இருக்கும். கொடைக்கானலில் அப்படி உயிர் போயிருக்கிறது. கணப்பை வாசலில் போட்டுக் காய்ந்துவிட்டு உள்ளே வாருங்கள், உள்ளே கம்பளியும் சுக்குக் காப்பியும் போதும்.

பிள்ளைகள் இப்போது பார்ப்பதோடு நிற்பதில்லை. 2025 ஜனவரியில் லேயில் நடந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டில் ஐஸ் ஸ்கேட்டிங்கில் தமிழ்நாட்டுக்குத் தங்கம் வந்ததும், "நம்ம ஊருல ஐஸே இல்லியே, எப்புடிப் பழகுனாங்க" என்ற கேள்வி வந்தது. ரோலர் ஸ்கேட்டிங்கில் காலைப் பழக்கி, அப்புறம் வடக்கே ஐஸ் மைதானத்துக்குப் போய்ப் பயிற்சி எடுக்கிறார்கள். டேராடூனில் பெரிய உள்ளரங்கம் ஒன்று இருக்கிறது. சக்கரத்தில் உடம்பைச் சாய்த்து வளைவு எடுக்கத் தெரிந்தவருக்கு ஐஸ் பாதி வந்தமாதிரி. பிள்ளை ஆசைப்பட்டால் பெற்றோர் செய்யக்கூடியது, ஹெல்மெட்டும் முழங்கால், முழங்கை உறையும் முதலில், ஷூ அப்புறம். மலை ரோட்டில் விடாதீர்கள். சமதளச் சிமெண்டுத் தரையில் நிற்கப் பழகட்டும்.

எங்கள் ஊரில் சமதளச் சிமெண்டுத் தரை என்றால் பூண்டு காயப்போடும் களம் ஒன்றுதான். பேரிங் வண்டிப் பையனின் தங்கச்சி எங்கிருந்தோ பழைய ஸ்கேட்டிங் ஷூ ஒரு சோடி வாங்கி வந்திருக்கிறாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் களத்தைக் காலி செய்து கொடுக்க வேண்டும் என்று என் மச்சானிடம் கேட்டிருக்கிறாள். பூண்டு எடுக்கிற சமயத்தில் முடியாது என்று அவன் சொல்ல, "உய்சோங்குலயும் பூண்டுதான மாமா காயப்போடுறாங்க" என்றாளாம். விஷயம் ஊர்க் கூட்டத்துக்குப் போயிருக்கிறது. இருபதுக்கு இருபது அடி விட்டுக்கொடுக்கலாம் என்று நானும் சித்தப்பாவும் சொல்லியிருக்கிறோம். மச்சான் பத்தடியில் நிற்கிறான்.